பலகைப் பாத்தி இற்றுப்போகாமல் இருக்க

சென்ற ஐப்பசியில் மழை விட்டிருந்த ஒரு காலையில், என் பழைய பாத்தியின் மூலையில் திருப்புளியை வைத்து லேசாக அழுத்திப் பார்த்தேன். வெந்த மரவள்ளிக்கிழங்கில் கத்தி இறங்குவதுபோல் ஓர் அங்குலம் இறங்கியது. வெளியே பார்த்தால் பச்சை எனாமல் பெயிண்ட் இன்னும் பளபளத்துக்கொண்டிருந்தது. அதை இரண்டு முறை பூசிவிட்டு, இனிப் பத்து வருடத்துக்குக் கவலையில்லை என்று வீட்டில் பெருமை பேசியவன் நான்தான். பாத்திக்கு அப்போது இரண்டு வயதுகூட நிறையவில்லை.

தர்மபுரி மாவட்டத்தில், காரிமங்கலம் பக்கத்தில் எங்கள் வீடு. செம்மண் தரை, ஒரு முழம் தோண்டினால் சரளை. கீரையும் கத்தரியும் வேர்விட வேண்டுமானால் மண்ணை மேலே ஏற்றித்தான் ஆக வேண்டும். அதனால் நான்கு பக்கமும் பலகை கட்டிய மேட்டுப்பாத்தி இந்தப் பக்கத்துக்குப் பொருத்தமானது. பலகையைக் காப்பாற்றத் தெரியாமல் கட்டினால் மட்டும் காசுக்குக் கேடு. முதல் பாத்தியை இழந்து இரண்டாவதைக் கட்டியபோது கற்றுக்கொண்டதை, இப்போதுதான் தொடங்குகிறவர்களுக்காக வரிசையாகச் சொல்கிறேன். கணக்குக்கு ஓர் அளவு வைத்துக்கொள்வோம்: 6 அடி நீளம், 3 அடி அகலம், 15 அங்குல உயரம். அகலம் 4 அடியைத் தாண்டினால் நடுவில் இருக்கும் செடிக்குக் கை எட்டாது.

மரம் கெடும் விதங்கள்

ஒவ்வொன்றுக்கும் தமிழில் தனிச்சொல் இருக்கிறது. வெயிலில் நிற்கும் பலகை வெளுத்துச் சாம்பல் நிறமாகி, நரம்போடு வெடிக்கிறது. ஈரத்தில் கிடப்பது இற்றுப்போகிறது. வண்டு துளைத்தது உளுத்துப்போகிறது. தட்டினால் மாவு கொட்டும். கரையான் பிடித்தது அரிக்கப்படுகிறது. மேல்தோல் அப்படியே இருக்க, உள்ளே கூடாகிவிடும். நான்குக்கும் மருந்து வேறு வேறு. ஒரே டப்பா பெயிண்டில் நான்கையும் தடுத்துவிடலாம் என்று நினைத்ததுதான் என் முதல் தவறு.

வெளுப்பதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். மர நார்களை ஒட்டிவைத்திருக்கும் லிக்னின் என்ற பொருளைச் சூரியனின் புற ஊதாக் கதிர் சிதைப்பதால் வருவது அது. மேல்பரப்பில் மிக மெல்லிய அளவில் மட்டுமே நடக்கிறது. பார்க்க அழகாக இருக்காது, பலம் குறையாது. பயப்பட வேண்டியது இற்றுப்போவதற்குத்தான். அதைச் செய்வது பூஞ்சை. மரத்தின் ஈரம் அதன் காய்ந்த எடையில் 20 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் பூஞ்சையால் வேலை செய்ய முடியாது. மழையில் நனைந்த பலகை இரண்டு நாளில் காய்ந்துவிட்டால் ஒன்றும் ஆகாது. நனைந்த பலகை காய வழியில்லாமல் மாதக்கணக்கில் ஈரமாகவே இருந்தால்தான் சிக்கல். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலும் தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் மழை தருகின்றன. செப்டம்பர், அக்டோபரில் மழை அதிகம். அந்த நாட்களில் பலகை காய்வதற்கு வழி வைத்திருக்கிறோமா என்பதுதான் கேள்வி.

என் எனாமல் பெயிண்ட் செய்தது இதற்கு நேர் எதிரான வேலை. சித்திரை வெயிலில் பலகை வெடித்தபோது பெயிண்டும் மயிரிழை மயிரிழையாக விரிந்தது. மழையில் தண்ணீர் அந்த விரிசல் வழியாக உள்ளே போனது. திரும்பி வெளியே வர, பளபளக்கும் அந்தத் தோல் விடவில்லை.

எந்த மரம் வாங்கலாம்

கிருஷ்ணகிரிப் பக்கம் மாமரப் பலகை மலிவாகக் கிடைக்கும். பழைய தோப்பை அழித்து அறுத்ததை மரவாடியில் அடுக்கி வைத்திருப்பார்கள். விலையைக் கேட்டதும் கை தானாகப் பையைத் தேடும். வாங்காதீர்கள். மரங்களை மண்ணில் பாதி புதைத்து வைத்து, எத்தனை மாதம் தாங்குகின்றன என்று பார்த்த சோதனைகளை வைத்து, ஐ.எஸ். 401 என்ற இந்தியத் தர விதி அவற்றை மூன்று வகுப்பாகப் பிரிக்கிறது. 120 மாதமும் அதற்கு மேலும் தாங்கினால் முதல் வகுப்பு. 60 முதல் 120 வரை இரண்டாவது. 60-க்குக் கீழே மூன்றாவது. தேக்கின் வைரம், அதாவது நடுமரத்தின் கெட்டியான பாகம், முதல் வகுப்பில் இருக்கிறது. மா மூன்றாவதில். மாமரப் பலகையில் கட்டிய என் முதல் பாத்திக்கு நடந்ததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

வைரம் என்று சொன்னதைக் கவனியுங்கள். தேக்காகவே இருந்தாலும் வெளியோரத்து வெளிர்நிற வெளிறு சீக்கிரம் போய்விடும். இளமரத்தில் அறுத்த தேக்குப் பலகையில் பாதி வெளிறாகவே இருக்கும். தேக்கு என்ற பெயருக்குக் காசு கொடுத்து வெளிறை வாங்கி வருவோம். என் சிபாரிசு, இடித்த பழைய வீட்டிலிருந்து வரும் சட்டங்களும் பலகைகளும். முப்பது நாற்பது வருடம் காய்ந்தவை. இனி முறுக்காது, வளையாது. ஒரே எச்சரிக்கை: பழைய பெயிண்ட் ஒட்டியிருந்தால் அதில் ஈயம் இருக்கலாம். வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அப்படிப்பட்ட பலகையைக் காய்கறிப் பாத்திக்குக் கொண்டுவராதீர்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடலாம் என்றும் நினைக்காதீர்கள். அந்தத் தூசிதான் அதிகக் கெடுதல்.

பழைய மரம் கிடைக்காவிட்டால் வேப்பம்பலகை, ஒன்றரை அங்குலக் கனம். என் இரண்டாவது பாத்தி அதில்தான். மில்லிலிருந்து ஈரத்தோடு வந்தால் நிழலில் அடுக்கி, பலகைக்குப் பலகை இடையில் ரீப்பர் துண்டு வைத்து, இரண்டு மூன்று மாதம் காற்றாட விடுங்கள். வாரம் ஒரு முறை ஒரே பலகையை எடை போட்டுப் பாருங்கள். எடை குறைவது நின்றுவிட்டால் காய்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

ஓசூர்த் தொழிற்பேட்டைகளிலிருந்து வரும் சரக்குத் தட்டு (பாலெட்) பலகைகளைப் பலர் பயன்படுத்துகிறார்கள். வெளிநாட்டுச் சரக்கோடு வந்தவற்றில் கோதுமைக் கதிர் படத்தோடு ஒரு முத்திரை இருக்கும். அதில் எச்.டி. என்று இருந்தால் சூடேற்றிப் பூச்சி நீக்கியது, எடுக்கலாம். எம்.பி. என்று இருந்தால் மெத்தில் புரோமைடு புகை போட்டது, தொடாதீர்கள். எச்.டி. முத்திரையும் பயணத்தில் பூச்சி வராமல் இருக்கத்தான். பாத்தியில் இற்றுப்போகாமல் இருக்க அது உதவாது. ரயில் பாதையிலிருந்து கழித்த பழைய மரக்கட்டைகள் கிடைத்தாலும் வேண்டாம். அவற்றில் ஊறியிருக்கும் தார் எண்ணெய் கீரைக்கு ஆகாது.

கல் வைத்துத் தொடங்குங்கள்

எண்ணெய், பெயிண்ட் பேச்சையெல்லாம் தள்ளிவைத்துவிட்டு முதலில் பணத்தையும் உழைப்பையும் இங்கே போடுங்கள். பலகை தரையைத் தொடும் கோட்டில்தான் ஈரம், காற்று, பூஞ்சை மூன்றும் சந்திக்கின்றன. வேலிக்கம்பு எப்போதும் தரைமட்டத்தில் ஒடிவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கோட்டையே இல்லாமல் செய்துவிடலாம். கல்லுக்குப் பெயர்போன கிருஷ்ணகிரி மாவட்டத்தின் பக்கத்தில் இருக்கிறோம். கிரானைட் பட்டறைகளில் ஓரம் வெட்டிய துண்டுகள் மலையாகக் கிடக்கின்றன. ஒரு டெம்போ வாடகை கொடுத்தால் போதும்.

பாத்தியின் சுற்றளவுக்கு ஒரு சாண் அகலத்தில், அரையடி ஆழத்தில் வாய்க்கால் எடுங்கள். அதில் முக்கால் அங்குல ஜல்லியை நிரப்பி இடியுங்கள். அதன்மேல் கல் துண்டுகளை, தரையிலிருந்து மூன்று நான்கு அங்குலம் உயர்ந்து நிற்கும்படி வரிசையாக வைத்து, ரசமட்டம் போட்டுச் சரிபாருங்கள். கல்லுக்குக் கல் அரை அங்குல இடைவெளி விடுங்கள். சிமெண்ட் பூசி அடைத்துவிடாதீர்கள். தண்ணீர் வெளியேற அதுதான் வாசல். மண் நழுவாமல் இருக்க உள்பக்கம் கொஞ்சம் கூழாங்கல் போட்டால் சரியாகிவிடும்.

இதில் நான் ஒரு தவறு செய்தேன். கல் அழகாக இருக்கிறதே என்று பலகைக்கு வெளியே இரண்டு அங்குலம் நீட்டி வைத்தேன். மழை பெய்தபோது அந்த நீட்சி ஒரு திண்ணைபோல் தண்ணீரைத் தேக்கிப் பலகையின் அடிக்கே ஊட்டியது. பிறகு எல்லாவற்றையும் தூக்கி மாற்ற வேண்டியதாயிற்று. கல்லின் வெளிவிளிம்பு பலகைக்கு நேராகவோ அரை விரல் உள்ளடங்கியோ இருக்கட்டும்.

கல் அடித்தளத்துக்கு இன்னொரு பயன் உண்டு; எனக்கு அதுதான் பெரிதாகத் தெரிகிறது. செம்மண்ணில் கரையான் இல்லாத இடம் கிடையாது. அது வெளிச்சத்திலும் காற்றிலும் நடக்காது. மண்ணால் கூரை கட்டிக்கொண்டுதான் ஏறும். பலகை நேராக மண்ணில் இருந்தால் எப்போது ஏறியது என்றே தெரியாது. நடுவில் நான்கு அங்குலக் கல் இருந்தால், கல்லின்மேல் பென்சில் பருமனில் ஒரு மண் கோடு தெரியும். வாரம் ஒரு முறை பாத்தியைச் சுற்றி வந்து, கோடு தெரிந்தால் துடைப்பத்தால் தட்டிவிட்டால் போதும். மருந்தே வேண்டாம். மண்ணில் வேப்பம்புண்ணாக்குக் கலந்தால் கூடுதல் நிம்மதி. கட்டடங்களுக்கு அடிக்கும் கரையான் மருந்தைக் காய்கறிப் பாத்திக்கு ஒருபோதும் ஊற்றாதீர்கள். மூடாக்குக்குப் போடும் கேழ்வரகுத் தாளை வெளிப்பக்கம் கல்லை மறைத்துக் குவிக்காதீர்கள். கரையானுக்கு நாமே பந்தல் போட்ட மாதிரி ஆகிவிடும்.

மொட்டைமாடியில் வைப்பவர்களுக்கு: கல் வேண்டாம், செங்கல்மேல் தூக்கி வையுங்கள். ஆனால் எடையைக் கணக்குப் பாருங்கள். நாம் எடுத்த அளவில் மண் மட்டும் 22.5 கன அடி, ஏறக்குறைய 640 லிட்டர். நனைந்தால் ஒரு டன்னைத் தாண்டும். உயரத்தைப் பாதியாக்கி, தென்னைநார்க் கழிவு அதிகம் கலந்த கலவை போடுவதே புத்தி.

முனைகள், மூலைகள்

பலகையின் அகலமான முகம் தண்ணீரை மெதுவாகத்தான் குடிக்கும். அறுத்த முனை, உறிஞ்சுகுழல் கட்டின் வாய்போல, பல மடங்கு வேகமாகக் குடிக்கும். மரம் உயிரோடு இருந்தபோது வேரிலிருந்து இலைக்குத் தண்ணீர் போன அதே குழாய்கள்தாம் அவை. நம்பிக்கை இல்லையென்றால் ஒரு கரண்டித் தண்ணீரை முகத்திலும் ஒரு கரண்டியை முனையிலும் விட்டுப் பாருங்கள். முகத்தில் முத்து முத்தாக நிற்கும். முனையில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கறுத்து உள்ளே போய்விடும். தொடக்கத்தில் சொன்ன என் பழைய பாத்தி மூலையில்தான் முதலில் இற்றதற்குக் காரணம் இதுதான்.

எனவே அறுத்தவுடனே முனைகளுக்கு எண்ணெய் ஊட்டுங்கள். ஒரு தட்டில் எண்ணெயை ஊற்றி, பலகையைச் செங்குத்தாக அதில் ஓர் இரவு நிறுத்திவைப்பதே எளிய வழி. காலையில் தட்டு காலியாக இருக்கும். மறுமுனையைத் திருப்பி வையுங்கள்.

மூலைக்கட்டைகளை மண்ணில் புதைக்க வேண்டாம். உள்பக்கம் கல்மேல் நிற்கட்டும். அவற்றின் தலையைச் சாய்வாகச் சீவிவிடுங்கள், மழை வழிந்தோட. ஆணி வேண்டாம், திருகாணி போடுங்கள், அதுவும் எவர்சில்வரில். இரும்புத் திருகாணி துருப்பிடித்து மரத்தின் துவர்ப்புச் சத்தோடு சேர்ந்து கறுப்புக் கறை விடும், ஓட்டையும் தளரும். விலை அதிகம்தான். ஆனால் ஐந்து வருடம் கழித்து ஒரு பலகையை மட்டும் கழற்றி மாற்ற முடிவது இதனால்தான். வேலை செய்துகொடுத்த ஆசாரி ஆணிப் பையை எடுத்தபோது நான் தடுத்தேன். “பாத்திக்குப் போய் எவர்சில்வர் திருகாணியா சார், கல்யாணக் கட்டிலா செய்கிறோம்?” என்று சிரித்தார்.

எண்ணெய் பூசுதல்

பெயிண்ட் மேலே தோலாக நிற்கிறது; எண்ணெய் உள்ளே ஊறுகிறது. வெடித்து உரிய அதற்குத் தோல் கிடையாது. ஈரம் வெளியேறுவதையும் அது தடுப்பதில்லை. ஆனால் எல்லா எண்ணெயும் உதவாது. தேங்காய் எண்ணெயும் கடலை எண்ணெயும் காய்வதில்லை. பிசுபிசுத்து, சிக்கு வாடை அடித்து, எறும்பை அழைக்கும். வேப்பெண்ணெய் பூச்சியைக் கொஞ்ச நாள் விரட்டும், அதுவும் இறுகாது. காற்றுப்பட்டு இறுகும் எண்ணெய் ஆளிவிதை எண்ணெய். பெயிண்ட் கடையில் இரண்டு விதமாகக் கிடைக்கும். காய்ச்சியது என்று விற்பதில் சீக்கிரம் உலர்வதற்காக உலோக உப்புகள் சேர்த்திருப்பார்கள். ஓரிரு நாளில் உலரும். காய்ச்சாத பச்சை எண்ணெய் உலர ஒரு வாரத்துக்கு மேலும் ஆகும். காய்கறிக்கான பாத்தி என்பதால் நான் பொறுமையாகப் பச்சை எண்ணெயையே பூசுகிறேன்.

எங்கள் ஊரில் வண்டியின் கழிவு ஆயிலை வேலிக்கட்டைக்குப் பூசுவது வழக்கம். வேலிக்குச் சரியா தவறா என்ற வாதத்துக்கு நான் வரவில்லை. கீரை விளையும் மண்ணை ஒட்டிய பலகைக்குக் கூடாது. அதில் எஞ்சினிலிருந்து கலந்த உலோகங்களும் எரிந்த எண்ணெயின் கசடும் இருக்கின்றன. வெண்காரக் (போராக்ஸ்) கரைசல் பூச்சியைத் தடுக்கும் என்பது உண்மை. ஆனால் மழையில் கரைந்து மண்ணுக்குப் போய்விடும், போரான் மிஞ்சினால் செடி கருகும். வீட்டுக்குள் இருக்கும் கதவுக்கு அது நல்லது.

பூசும் முறை: பலகை முழுவதும் காய்ந்திருக்க வேண்டும். மாசி மாதம் ஏற்றது. கோடை மழைக்கு முன்னால் இறுகிவிடும். உச்சிவெயிலில் பூசாதீர்கள், ஊறுவதற்குள் மேலே படலம் கட்டிக்கொள்ளும். காலையில், நிழலில். முதல் பூச்சுக்கு எண்ணெயும் டர்பன்டைனும் சரிபாதி. அரை மணி நேரம் ஊறவிட்டு, மேலே மிஞ்சியதைத் துணியால் துடைத்துவிடுங்கள். துடைக்காமல் விட்டால் கோந்துபோல் நிற்கும். உலர்ந்த பிறகு கலப்பில்லாத எண்ணெயை மெல்லியதாக இரண்டு முறை. உள், வெளி இரண்டு பக்கமும் சேர்த்து 45 சதுர அடி. மூன்று பூச்சுக்கும் முனைகளுக்கும் சேர்த்து ஒன்றரை லிட்டர் போதும். கடைசிப் பூச்சு முடிந்து இரண்டு மூன்று வாரம் கழித்து மண் நிரப்புங்கள்.

துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். இதை மட்டும் மறக்கவே கூடாது. ஆளிவிதை எண்ணெய் இறுகும்போது சூடு வெளியிடுகிறது. சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு தேங்கி, தீக்குச்சி இல்லாமலே தானாகப் பற்றிக்கொள்ளும். துணியை ஒற்றையாகக் கொடியில் விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் வாளியில் முக்கி வையுங்கள்.

இந்த எண்ணெய் பூஞ்சையைக் கொல்லாது. தண்ணீர் ஏறி இறங்கும் வேகத்தைத்தான் குறைக்கும். மழைநாளில் மேலே கறும்புள்ளி வந்தால் பிரஷால் தேய்த்துக் கழுவுங்கள். அடித்தளம் சரியில்லாத பாத்திக்கு எத்தனை லிட்டர் பூசினாலும் வீண்.

உள்பக்கத்துக்கு விரிப்பு

ஈரமண் நேராகப் பலகையைத் தொடாமல் இருக்கப் பிளாஸ்டிக் விரிப்புக் கட்டலாம். பலகையோடு ஒட்டிக் கட்டினால் நடுவில் வியர்த்துத் தண்ணீர் நிற்கும். பெயிண்ட் கதைதான் மறுபடியும். பலகையின் உள்முகத்தில் அடிக்கு ஒன்றாக அரை அங்குல ரீப்பரைச் செங்குத்தாகத் திருகி, அதன்மேல் விரிப்பைக் கட்டுங்கள். பலகைக்கும் விரிப்புக்கும் நடுவே ஆடிக்காற்று புகுந்து வரும். விரிப்பு நான்கு பக்கச் சுவருக்கு மட்டும். அடிப்பாகம் திறந்தே இருக்க வேண்டும். கெட்டியான தார்ப்பாய் போதும். உரச்சாக்கு வெயில் பட்ட இடத்தில் நார் நாராக உதிர்ந்து மண்ணில் கலக்கும். தேர்தல் முடிந்ததும் கிடைக்கும் ஃப்ளெக்ஸ் பேனரை நான் எடுப்பதில்லை; அதன் பி.வி.சி. பூச்சைக் காய்கறிக்குப் பக்கத்தில் வைக்க மனம் வரவில்லை.

மேலே நான்கு அங்குல அகலத்தில் ஒரு மூடுபலகை, வெளிப்பக்கம் லேசாகச் சாய்த்து. விரிப்பின் விளிம்பும் மூலைக்கட்டைத் தலையும் அதனடியில் மறைந்துவிடும். உட்கார்ந்து களை எடுக்கவும் ஆகும்.

பிறகு

தண்ணீரைக் குழாயால் பீய்ச்சாமல் சொட்டுக்குழாய் போட்டால் பலகை நனைவது குறையும். போர்த் தண்ணீர் படும் பலகையில் வெள்ளையாக உப்புப் பூக்கும். காய்ந்த பிரஷால் தட்டிவிடுங்கள், மறுபடி தண்ணீர் ஊற்றிக் கழுவினால் இன்னும் பூக்கும்.

வருடம் ஒரு முறை, மாசியில், வெளிப்பக்கத்துக்கும் மூடுபலகைக்கும் ஒரு பூச்சு எண்ணெய். சித்திரை வெயிலில் சுருங்கிய மரத்தில் திருகாணி தளர்ந்திருக்கும். ஆடிக்கு முன்னால் ஒரு சுற்று முறுக்குங்கள். ஐப்பசி மழைக்கு நடுவில் திருப்புளியோடு ஒரு சுற்று: நான்கு மூலை, அடிவிளிம்பு, மூடுபலகையின் அடி. உள்ளே இறங்காமல் ‘டக்’ என்று நின்றால் நல்லது. கால் அங்குலம் இறங்கினால் அந்தப் பலகையைக் குறித்துவைத்துக்கொண்டு, மழை முடிந்ததும் திருகாணிகளைக் கழற்றி மாற்றுங்கள். கழற்றிய பலகையைப் பாத்திக்குப் பக்கத்திலேயே சாய்த்துவைக்காதீர்கள். என் பழைய பாத்தியின் பலகையை அப்படிச் சுவரோரம் வைத்துவிட்டு, பத்து நாள் கழித்துத் தூக்கியபோது கீழ்ப்பாதி கையோடு வரவில்லை.